மூன்று மணிக்குத் தூங்கும் மிஷின்

அத்தியாயம் 14

காலை ஆறே முக்காலுக்கே ஹூஸ்டனுக்குக் காய்ச்சல் அடித்தது. "இன்றைக்கு நூற்று மூன்று டிகிரி ஃபாரன்ஹீட்" என்று வானொலிக்காரன் ஏதோ பரிசு விழுந்தமாதிரி சொன்னான். மரிசெலா கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பக்கத்து ஊர் பசடீனாவில் இருக்கும் அப்பா அம்மா வீட்டுக்குப் போன் போட்டாள்.

அம்மாவிடம் செல்போன் இருக்கிறது. ஆனாலும் மரிசெலா கூப்பிடுவது அந்தப் பழைய வீட்டுப் போனுக்குத்தான். அது அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எடுப்பவர் அவர்தான்.

மணி அடித்தது. எடுத்தார். மூச்சு கேட்டது.

"அப்பா, நான்தான்."

"கிழவி! உனக்குத்தான் போன்."

அவ்வளவுதான். எழுபத்தேழு நாளாக அப்பா அவளுக்குக் கொடுத்திருக்கும் பேச்சு இந்த மூன்று சொல்தான். அதுவும் அவளிடம் சொன்னது இல்லை. இருந்தும் அதைக் கேட்காமல் அவளுக்குப் பொழுது விடிவதில்லை. மணி அடிக்கட்டும் என்று அவரும் விட்டுவிடலாமே? விடுவதில்லை. தினமும் எடுக்கிறார். மனுஷன் கோபத்திலும் ஒரு கதவைச் சாத்தாமல்தான் வைத்திருக்கிறார்.

மே மாதம் பத்திரிகையில் வந்த அந்தப் படத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 'எங்களுடையது புகைபோக்கி இல்லாத மின் நிலையம்' என்று மரிசெலா சொன்னதாகப் போட்டு, பக்கத்தில் அவள் சிரிக்கிற படம். அவள் வேலை செய்வது பெலிக்கன் மின்சாரக் கம்பெனியில். அதே வாரம்தான் மெஸ்கீட் முனை மின் நிலையத்தை மூடினார்கள். அப்பா யுசேபியோ கன்டூ முப்பத்தொரு வருஷம் கொதிகலனோடு வாழ்ந்த இடம். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும், அவர் அதை 'என் பவர் ஹவுஸ்' என்றுதான் சொல்வார். பத்திரிகையை மடித்து மேஜைமேல் வைத்தவர், அன்றோடு மகளிடம் பேச்சை நிறுத்தினார்.

அம்மா ஒடிலியா போனுக்கு வந்தாள். "சாப்பிட்டியாடி?"

"வழியில சாப்பிட்டுக்கறேம்மா."

"வழியில என்ன இருக்கு, டயரா? முட்டையும் பீன்ஸும் வெச்சு ரொட்டி சுருட்டி எடுத்துட்டுப் போன்னு நூறு தடவை சொல்லியாச்சு."

"அப்பா எப்படி இருக்கார்?"

ஒடிலியா குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்த வேண்டியதே இல்லை. டர்பைன் இரைச்சலில் முப்பத்தொரு வருஷம் இருந்த காதுக்கு, காது மிஷின் மாட்டாதபோது போன் மணி கேட்கும், பேச்சு கேட்காது. பழக்கதோஷம்.

"அந்த ஏசிதான் அவரைத் தின்னுது. நேத்து மறுபடியும் கபாசிட்டர் மாத்தினார். இது ரெண்டாவது. என்ன பண்ணினாலும் மூணு மணிக்கு அது தூங்கப் போகுது, நடுவுல கால் மணி முழிச்சாலும் திரும்பத் தூங்குது, ஆறு மணிக்குத்தான் ஒழுங்கா எழுந்துக்குது. சுவத்துல நம்பர் பாத்தா எழுபத்திரண்டுன்னுதான் காட்டுது. காத்தும் வருது. குளிர்தான் இல்ல. தினமும் பண்ணினாலும் பரவால்ல, நெனச்ச நாள் பண்ணுது."

"மெக்கானிக்கைக் கூப்பிடேன்."

"இந்த வீட்டுக்குள்ள மெக்கானிக்கா? அதுக்கு நான் வேற புருஷனையே கூட்டிட்டு வரலாம்." சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "நேத்து சாப்பிட உக்காந்தவர் கையைப் பாத்துக்கிட்டே இருந்தார். கிழவி, எனக்குக் கை போச்சு, புத்தியும் போகுதுன்னு நெனக்கறேன்னார். அவர் அப்பாவுக்கு அப்படித்தானே ஆச்சு, பேரெல்லாம் மறந்து... அந்தப் பயம்டி அவருக்கு."

மரிசெலா காரின் வேகத்தைக் குறைத்தாள். சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தாள்.

"அம்மா, அந்த ஏசி..."

"இன்னொண்ணு கேளு. பவர் ஹவுஸ்லேர்ந்து ஒரு லெட்டர் வந்திருக்கு. படிச்சார், மடிச்சார், சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். என்னன்னு கேட்டா விளம்பரங்கறார். விளம்பரத்தைத் தலகாணிக்கு அடியில வெச்சுக்கிட்டு யாராவது தூங்குவாங்களா?"

பின்னால் லாரிக்காரன் அடித்த ஹாரனில் மரிசெலா எடுத்த தைரியம் போய்விட்டது. "சாயங்காலம் வரேம்மா" என்று வைத்துவிட்டாள்.

---

அந்த ஏசியைத் தூங்க வைப்பது யார் என்று இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள்தான் இப்போது போனை வைத்தவள்.

ஏப்ரலில் அம்மாவின் பிறந்த நாளுக்கு அவள் ஏசியின் குளிரைக் கூட்டிக் குறைக்கும் புது தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கிப் போய், நடைச் சுவரில் தன் கையாலேயே மாட்டினாள். அப்பாதான் திருப்புளி எடுத்துக் கொடுத்தார். ஊழியர் சலுகையில் வாங்கியதால் கணக்கு அவள் பேரில், கட்டுப்பாடும் அவள் போனில். அப்படியே அந்த வீட்டை 'ஒத்துழைப்புத் திட்டத்'திலும் சேர்த்துவிட்டாள். அப்பாவிடம் சொன்னால் பிரசங்கம் கேட்க வேண்டும். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மே மாதம் பத்திரிகை வந்தது. அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

திட்டம் என்னவென்றால் இதுதான். மாசச் சாப்பாட்டுக்கு ஒரே விலை பேசிக்கொண்ட மெஸ்காரர் ஒருவர் இருக்கிறார். மத்தியானம் மூன்று மணிக்கு சந்தையில் அரிசி திடீரென்று ஐம்பது மடங்கு விலை ஏறுகிறது. அவர் என்ன செய்வார்? 'ஐயா, இன்னைக்கு ஒரு பிடி குறைச்சுச் சாப்பிடுங்க, மாசக் கடைசியில கழிச்சுக்கறேன்' என்று இலைக்கு இலை கேட்பார். டெக்ஸாஸில் மின்சாரம் விற்கும் கம்பெனிகள் டஜன் கணக்கில் இருக்கின்றன. யாரிடம் வாங்குவது என்பது வாடிக்கையாளர் இஷ்டம். வெயில் உச்சியில் சந்தை விலை வானத்துக்குப் போகும்போது, பெலிக்கன் கம்பெனி, திட்டத்தில் சேர்ந்த வீடுகளின் ஏசியைக் கால் மணி ஓட விட்டு, கால் மணி தூங்க விடும். ஊர் முழுக்க விளக்கு அணையாமலும் இருக்கும். பதினெட்டாயிரம் வீடு. அந்தப் பொத்தானை அமுக்குகிற நாற்காலி மரிசெலாவுடையது.

இந்தக் கோடையில் ஒன்பது முறை அமுக்கியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே வீட்டுக்காரர் போனுக்குச் செய்தி போகும். வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம். பசடீனா வீட்டுச் செய்தி ஒன்பது முறையும் மரிசெலாவின் போனுக்குத்தான் வந்தது. ஒன்பது முறையும் பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

---

பத்து மணிக்குக் கூட்டம். மேலாளர் புரூயிட் பலகையில் ஒரு எண்ணை எழுதி வட்டம் போட்டார்.

"பதினெட்டாயிரம் பேர் சேர்ந்திருக்காங்க. இன்னும் ரெண்டு லட்சம் பேர் வெளியில நிக்கறாங்க. ஒவ்வொருத்தரையா கேட்டுக்கிட்டிருந்தா என் பேரனுக்குக் கல்யாணம் ஆயிடும். எல்லாரையும் நாமே சேர்த்துடுவோம். வேண்டாங்கறவங்க வந்து சொல்லட்டும். எல்லாருக்கும் நல்லதுதானே?"

மரிசெலா எழுந்தாள். இந்தப் பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"நல்லதுதான் சார். ஆனா நல்லதுங்கறதை அவங்க சொல்லணும், நாம சொல்லக் கூடாது. வீடு அவங்களோடது. கேக்காம ஒருத்தர் வீட்டுச் சுவத்துல கை வெச்சா, இந்த மாசம் ரெண்டு லட்சம் வீடு சேரும், அடுத்த மாசம் எல்லாரும் எதிர்க் கம்பெனிக்குப் போயிடுவாங்க. நம்பிக்கைதான் நம்ம கொதிகலன். அது வெடிச்சா..."

சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் திணறினாள். 'கொதிகலன்' என்ற சொல் தானாக வந்து விழுந்திருந்தது.

"நல்லாச் சொன்னே" என்றாள் பக்கத்து நாற்காலி துய். ஐந்து வருஷமாகச் சேர்ந்து வேலை பார்ப்பவள், வியட்நாம்காரக் குடும்பம், எதையும் சுருக்கமாகச் சொல்வாள். "முகம் ஏன் செவந்திருக்கு?"

"வெயில்."

"இங்க அறுபத்தெட்டு டிகிரி."

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு உட்கார்ந்தவளுக்கு நாற்காலி நெருப்பாக இருந்தது.

---

மத்தியானம் இரண்டு நாற்பது. திரையில் சந்தை விலை மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்குப் பொத்தான். துய் வீடுகளின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மரிசெலாவின் போன் அடித்தது. அம்மா, செல்போனிலிருந்து. வேலை நேரத்தில் ஒடிலியா கூப்பிடவே மாட்டாள்.

"மரிசெலா, உங்கப்பா பரண்ல ஏறிட்டார்."

"என்னது?"

"ஏசித் தண்ணி சொட்டற தட்டுல ஒரு மிதவை ஸ்விட்ச் இருக்காம், தண்ணி ஏறினா ஏசியை நிறுத்துமாம், அதுதான் மூணு மணிக்கு நிறுத்துதாம். நிறுத்தும்போது கையும் களவுமா பிடிக்கணுமாம். அரை மணி முன்னாடியே போய்க் காத்திருக்கார். பத்து நிமிஷம் ஆச்சு. கூப்பிட்டுப் பாத்துட்டேன். துடைப்பக் கட்டையால மேல இடிச்சுப் பாத்துட்டேன். வேர்வையில கெட்டுப்போகும்னு காது மிஷினைக் கழட்டி மேஜைல வெச்சுட்டுப் போயிருக்கார்டி!"

மரிசெலா எழுந்துவிட்டாள்.

அந்த ஊரில் ஏசியின் பாதி கூரைப் பரணில்தான் இருக்கும். தவழ்ந்துதான் போக வேண்டும். ஆகஸ்ட் மத்தியானத்தில் அங்கே நூற்று நாற்பது டிகிரி இருக்கும். ஏசி மெக்கானிக்குகளே காலையில் பத்து மணிக்குமேல் பரணில் கால் வைக்க மாட்டார்கள். போன கோடையில் இரண்டு தெரு தள்ளி ஒருவரைத் தூக்கித்தான் இறக்கினார்கள். அவருக்கு நாற்பது வயது. அப்பாவுக்கு அறுபத்தெட்டு.

"நீ ஏறிடாதே! உன் முழங்கால்..."

"ரெண்டு படி ஏறிப் பாத்துட்டேன். கால் மடங்கல. பக்கத்து வீடெல்லாம் வேலைக்குப் போயாச்சு. டார்ச் வெளிச்சம் மட்டும் அந்தக் கோடியில தெரியுது."

இனி ஒளிக்க இடமில்லை.

"அம்மா, மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல. மிதவையும் இல்ல, கபாசிட்டரும் இல்ல. நான்தான் இங்கேர்ந்து நிறுத்தறேன். ஏப்ரல்லயே நம்ம வீட்டைச் சேர்த்துட்டேன். உங்ககிட்ட சொல்லல."

"நீயா?" என்றாள் ஒடிலியா. "அந்த மனுஷன் தன் புத்தி கெட்டுப்போச்சுன்னு... நீயாடி?" மூச்சை இழுத்துக்கொண்டாள். "சரி. உன்னை அப்புறம் வெச்சுக்கறேன். மொதல்ல அவரைக் கீழ இறக்கு."

எப்படி இறக்குவது? வீட்டை இப்போதே திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம். எடுத்தால் மூன்று மணிக்கு ஏசி நிற்காது. நிற்காவிட்டால், அது நிற்கும் வரை அவர் காத்திருப்பார். கோளாறு வரும்வரை நகராமல் உட்கார்ந்திருப்பதில் அவருக்குப் பதக்கமே உண்டு.

"அம்மா, அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள வரலேன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுடு. மானம் மரியாதைன்னு பாக்காதே."

"பாக்கல. சீக்கிரம் எதையாவது பண்ணு."

துய் தலை நிமிர்ந்து பார்த்தாள். மரிசெலா போனை மேஜையில் வைத்து, அதிலேயே பசடீனா வீட்டைத் திறந்தாள். எழுபத்திரண்டு. கம்ப்ரஸர் ஓடுகிறது. காற்றாடி ஓடுகிறது. காற்றாடி இருக்கும் தகரப் பெட்டி பரணில், அப்பாவின் கைக்கு எட்டும் தூரத்தில். மிதவை ஸ்விட்ச் அதற்கடியில்தான் இருக்கும். அப்பாவுக்கு எந்த மிஷினையும் காதால் கேட்கிற வழக்கம் கிடையாது. உள்ளங்கையை வைத்துத்தான் பார்ப்பார். இப்போதும் வைத்திருப்பார்.

அவள் காற்றாடியை நிறுத்தினாள். ஓட விட்டாள். நிறுத்தினாள். ஓட விட்டாள். நிறுத்தினாள். ஓட விட்டாள்.

கொஞ்சம் பொறுத்தாள். பிறகு இன்னும் இரண்டு தடவை.

மூணு - ரெண்டு.

கொதிகலனைச் சுத்தம் பார்க்க உள்ளே ஆள் இறங்கியிருக்கும்போது, வெளியே இருப்பவர் ஸ்பானரால் தகட்டில் தட்டுவார். மூன்று தட்டு, நிறுத்தி, இரண்டு தட்டு. 'வெளியே வா' என்று அர்த்தம். அவள் ஆறு வயதில் கேட்டிருக்கிறாள், எதுக்குப்பா வெளிய வரணும் என்று. "மூணு-ரெண்டு கேட்டா எதுக்குன்னு கேக்கக் கூடாதுடி. மொதல்ல வெளிய வரணும். கேள்வியெல்லாம் வெளிய வந்தப்புறம்." அதன்பின் அந்த வீட்டில் குளியலறைக் கதவில், தண்ணீர்க் குழாயில், சாப்பாடு ஆனதும் மேஜையில், எல்லாம் மூணு-ரெண்டுதான். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியும் எழுந்திருக்காத மரிசெலாவின் கட்டில் காலிலும் அதுதான் விழும்.

"நிக்குது, ஓடுது, நிக்குது" என்றாள் ஒடிலியா போனில். "என்னடி பண்றே?"

"வெளிச்சம் நகருதா?"

"இல்ல."

மறுபடி. மூணு. இரண்டு. மரிசெலாவின் விரல் நடுங்கி, இரண்டாவது தட்டில் ஒரு கணம் தப்பியது. திரையில் சந்தை விலை இன்னும் இரண்டு படி ஏறியது. அவள் அதைப் பார்க்கவில்லை. மாதாவே, உள்ளங்கை அந்தப் பெட்டிமேல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மறுபடி. மூணு.

"இரு" என்றாள் ஒடிலியா.

மரிசெலா திரையிலிருந்து விரலை எடுத்தாள்.

"வெளிச்சம் திரும்புது... பலகை கிறீச்சிடுது... வரார்டி! செருப்பு தெரியுது!"

"யார் செருப்பு?"

"உங்கப்பன் செருப்புதான், பின்ன யார் செருப்பு! கிழவா, மெதுவா, அந்தப் படி ஆடும்... கடவுளே, இப்படியா செவந்துபோறது..." போன் அப்படியே அணைந்தது.

மரிசெலா நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். துய் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

மூன்று மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. 'குளிக்கிற தொட்டியில் உட்கார வைத்திருக்கிறேன். பேரெல்லாம் சரியாகச் சொல்கிறார். என்னைத் திட்டுகிறார். நன்றாக இருக்கிறார்.'

"பட்டியல்லேர்ந்து ஒரு வீட்டை எடுத்துட்டேன்" என்றாள் மரிசெலா.

"யார் வீடு?"

"எங்க வீடு. கேக்காம சேர்த்தது."

துய் அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு, "சரி. மணி ஆச்சு" என்றாள்.

மரிசெலா பொத்தானை அமுக்கினாள். ஆறு மணிக்கு எல்லாம் முடிந்ததும் புரூயிட்டின் அறைக்குப் போய் நின்றாள்.

"காலைல நான் பேசினது அத்தனையும் சரி சார். ஆனா அதைச் சொல்ற யோக்யதை எனக்கு இல்ல. எங்கப்பாவைக் கேக்காம நானே சேர்த்திருந்தேன். இன்னைக்கு அதனால அவருக்கு என்ன ஆகியிருக்கும்னு உங்களுக்கு நாளைக்கு எழுதித் தரேன். அதைப் படிச்சுட்டு ரெண்டு லட்சம் பேரைப் பத்தி முடிவு பண்ணுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் கிளம்பிவிட்டாள்.

---

பசடீனாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி. வெயில் இன்னும் இறங்கவில்லை. வாசலில் அப்பாவின் பிக்கப் வண்டி. சமையலறையில் அவர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஈரத் துண்டு. முன்னால் மிளகாய்ப் பொடியும் எலுமிச்சையும் தூவிய தர்பூசணித் துண்டுகள். காது மிஷின் காதில் இருந்தது. கதவோரம் ஆணியில் அவருடைய சட்டை தொங்கியது.

மரிசெலா வாசற்படியிலேயே நின்றாள். பதினோரு வாரத்தில் அவர் இளைத்திருந்தார்.

யுசேபியோ தர்பூசணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கிழவி, மூணு-ரெண்டு அடிச்சது யாருன்னு கேளு."

ஒடிலியா அடுப்பைப் பார்த்தபடியே, "எதிர்ல நிக்கறா. நீங்களே கேளுங்க. எழுபத்தேழு நாளா தபால்காரி வேலை பாத்து எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு" என்றாள்.

அவர் தலையை நிமிர்த்தினார்.

"நான்தாம்பா" என்றாள் மரிசெலா.

"ரெண்டாவது தடவை அடிச்சப்போ நடுவுல ஒரு தட்டு தப்பிச்சே."

"கை நடுங்கிச்சுப்பா."

"மொதல் தடவை மிஷின் விக்குதுன்னு நெனச்சேன். ரெண்டாவது தடவை, யாரோ குடிகாரன் அடிக்கறான்னு நெனச்சேன்." தொண்டையைச் செருமினார். "சரி. வெளிய வந்தாச்சு. இப்போ கேள்வி கேக்கலாமில்ல?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஏப்ரல், ஊழியர் சலுகை, தன் போனுக்கு வந்த ஒன்பது செய்தி. எதையும் குறைக்கவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஒடிலியாவின் கரண்டி மட்டும் பாத்திரத்தில் கொஞ்சம் வேகமாகவே சுற்றியது.

"ஒன்பது தடவை" என்றார்.

"ஒன்பது தடவை."

"ரெண்டு கபாசிட்டர். செம்புச் சுருளைக் கழுவினேன். ஒயர் மாத்தினேன். மாதா கோவில்ல மெழுகுவத்தி கூட ஏத்தினேன், உங்கம்மாவுக்குத் தெரியாது." கையை மேஜைமேல் விரித்து வைத்துப் பார்த்தார். "எங்கப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுன்னு முடிவே பண்ணிட்டேண்டி. ராவெல்லாம் பவர் ஹவுஸ் யூனிட் பேர், வால்வு நம்பர் எல்லாம் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாப்பேன், மறக்குதான்னு."

மரிசெலா அழுதுவிட்டாள். சத்தம் வராமல் அழுதாள். எவ்வளவு திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பாள், இதைத் தாங்க முடியவில்லை.

"அப்போ மிஷின் நல்லாத்தான் இருக்கு?" என்றார்.

"நல்லாத்தான் இருக்குப்பா."

"அப்போ நானும் நல்லாத்தான் இருக்கேன்."

அவர் முகத்தில் என்னவோ இறங்கியது. முதுகு நாற்காலியில் சாய்ந்தது. ஒடிலியா கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "அதை நான் சொன்னா நம்பினீங்களா? உங்க மூளைக்கு என்ன கேடு, வாய் போற போக்குக்கு" என்றாள். அப்புறம் மகள் பக்கம் திரும்பி, "உனக்கு இன்னும் பாக்கி இருக்குடி. சாப்பிட்டப்புறம்" என்றாள். சொல்லிவிட்டுத் தட்டு எடுத்து வைத்தாள்.

யுசேபியோ தர்பூசணியில் ஒரு துண்டை மகள் பக்கம் நகர்த்தினார்.

"இன்னைக்கு எவ்வளவு கரண்ட் மிச்சம் பிடிச்சே?"

"இருபத்தொரு மெகாவாட்."

புருவம் ஏறியது. "எங்க சின்ன யூனிட்ல பாதி. அதைச் சூடாக்கி லைன்ல ஏத்த எனக்கு ஆறு மணி நேரம் ஆகும். உனக்கு?"

"நாலு நிமிஷம்."

"நாலு..." அவர் மெல்ல மென்றார். விதையைத் துப்பினார். "ஜனங்க கேட்டா நாங்க உண்டாக்கிக் கொடுத்தோம். நீ வேண்டாம்னு சொல்ல வெச்சுக் கொடுக்கறே. எனக்கு இன்னும் அது பிடிக்கல."

"தெரியும்பா."

"ஆனா வேலை சுத்தமா இருக்கு." இன்னொரு விதையைத் துப்பினார். "அடுத்த தடவை கேளு."

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவீங்களே?"

"சொல்லுவேன். அப்பவும் கேளு. கதவைத் தட்டாம உள்ள வரதுக்கு நீ என்ன திருடியா, என் பொண்ணு."

அவள் தலையை ஆட்டினாள். போனை எடுத்து, கணக்கில் தன் பேரை அழித்துவிட்டு, யுசேபியோ கன்டூ என்று எழுதினாள். எதிரே வைத்தாள். "இனிமே செய்தி உங்களுக்குத்தான் வரும். சேரணுமா வேண்டாமான்னு நீங்களே அமுக்கலாம். இப்போ வேண்டாம். யோசிச்சுக்கோங்க."

அவர் அமுக்கவில்லை. அவரவர் பாட்டுக்குச் சாப்பிட்டார்கள். சூப் ஆவி பறந்தது. நூற்று மூன்று டிகிரியிலும் அந்த வீட்டில் சூப் சூடாகத்தான் இருக்கும். ஒடிலியா மகளுக்கு மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினாள். அதுதான் அவளுடைய தண்டனை போலிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் யுசேபியோ எழுந்து ஆணியிலிருந்த சட்டையை எடுத்தார். பையிலிருந்து மடித்த கடிதத்தை எடுத்து, மேஜையில் விரித்து, ஈரக் கையால் நீவினார். ஒடிலியா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அடுத்த மாசம் பவர் ஹவுஸ் புகைபோக்கியை இடிக்கறாங்க" என்றார். "வெடி வெச்சு. ரொம்ப வருஷம் இருந்த ஆள் யாராவது பொத்தானை அமுக்கினா மரியாதையா இருக்கும்னு எழுதியிருக்காங்க. என்னைக் கூப்பிடறாங்க."

தலைக்கு மேலே பரணில் காற்றாடி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மகளைப் பார்த்தார். பதினோரு வாரத்துக்கும் சேர்த்துப் பார்த்தார்.

"நீதான் பொத்தானை அமுக்கிப் பழகினவளாச்சே. உன்னைத்தான் கேக்கறேன் மரிசெலா, சொல்லு. அமுக்கும்போது எப்படி இருக்கும்?"